பழுப்புக் குமிழ்கள்

கணினித் திரையில் ஒரு சாம்பல் நிறத் தகடு. நான்கு மூலைகளிலும் திருகாணிகள் வரையப்பட்டிருக்கின்றன. அவை எதையும் எதனோடும் பிணைக்கவில்லை. நடுவே சிவப்பு, பச்சை, நீலம், பழுப்பு எனக் குமிழ்கள் வரிசையாக நிற்கின்றன. சுட்டெலியால் பிடித்துத் திருகினால் டிரம்ஸின் ஒலி மாறுகிறது. வீட்டு அறையில் அமர்ந்து ஒலிக்கலவை செய்யும் இளைஞர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: டிரம்ஸுக்கு எந்த ஈக்வலைசர் நல்லது, எந்தச் சேனல் ஸ்ட்ரிப் நல்லது? விடையாகப் பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியல்தான் கிடைக்கிறது. இது தொழில்நுட்பக் கேள்வியைப்போலத் தோன்றினாலும் அடிப்படையில் வரலாற்றுக் கேள்வி என்பது என் எண்ணம். அந்தத் தகட்டில் திருகாணி வரையப்பட்டது ஏன் என்பதை அறியாமல் அதற்கு விடை சொல்லிவிட முடியாது.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒலியிலுள்ள தாழ், இடை, உயர் அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவுவது ஈக்வலைசர். ஒலிப்பதிவுக் கூடத்தின் கலவை மேசையில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலிருந்து கீழாக ஒரு பட்டை ஒதுக்கப்பட்டிருக்கும். ஒலியைப் பெருக்கும் பகுதி, வடிகட்டி, ஈக்வலைசர், ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் கம்ப்ரெஸர் எல்லாம் அப்பட்டையில் அடங்கும். அதுவே சேனல் ஸ்ட்ரிப். இவற்றை மென்பொருளாக ஆக்கிக் கணினியின் ஒலிக்கலவைச் செயலிக்குள் செருகிக்கொண்டால் ப்ளக்-இன்.

ஈக்வலைசர் என்ற பெயரே ஒரு பழைய வேலையைச் சொல்கிறது. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பியில் குரல் செல்லும்போது உயர் அதிர்வெண்கள் தேய்ந்துவிடும். தேய்ந்ததை மறுமுனையில் மீட்டு, புறப்பட்ட குரலும் வந்தடைந்த குரலும் சமமாக இருக்கச் செய்வதற்கே அக்கருவி பிறந்தது. சிதைந்த பாடத்தைச் செப்பனிடும் பதிப்பாசிரியனின் வேலை அது. பேசும் படம் வந்தபின் ஹாலிவுட்டின் ஒலிக்கூடங்கள் அதே கருவியை வசனத்தைத் தெளிவாக்கக் கையாண்டன. செப்பனிடுவதற்காக வந்தவன் மெல்ல மெல்லத் தானே எழுதத் தொடங்கியதுதான் அடுத்த அரை நூற்றாண்டின் கதை.

1951-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் யூஜின் ஷெங்க், ஆலி சம்மர்லண்ட் என்ற இருவர் நடத்திய பல்ஸ் டெக்னிக்ஸ் நிறுவனம் ஓர் ஈக்வலைசரை வெளியிட்டது. இன்று எல்லோரும் பல்டெக் என்றழைக்கும் கருவி அதுவே. ஒலியை வடிவமைக்கும் பகுதியில் மின்னாற்றலே கிடையாது. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் மின்தடையும் மட்டும். இந்தப் பாதையில் இழந்த வலுவைப் பின்னால் ஒரு வால்வுப் பெருக்கி ஈடுசெய்யும். பின்வந்த ஈ.க்யூ.பி-1ஏ மாதிரியில் தாழொலிக்கு 20, 30, 60, 100 ஹெர்ட்ஸ் என நான்கே நிலைகள். அந்த நிலைக்கு இரண்டு குமிழ்கள்: ஒன்று கூட்ட, மற்றொன்று குறைக்க. இரண்டையும் ஒருசேரத் திருப்பினால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார். அழிப்பதில்லை. இரு சுற்றுகளின் வளைவுகளும் சற்றே விலகி நிற்பதால், அடியில் ஒரு மேடும் அதற்குச் சற்று மேலே ஒரு பள்ளமும் உண்டாகின்றன. பாஸ் டிரம்முக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதுதான். அடிவயிற்றில் உணரும் 60 ஹெர்ட்ஸ் அதிர்வு வேண்டும். அதற்கு மேலே, அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஒலிக்கும் பகுதி வேண்டாம். கருவியைச் செய்தவர்கள் டிரம்ஸை மனத்தில் வைத்து இதைத் திட்டமிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. கையாண்டவர்கள் கண்டுகொண்டார்கள்.

டிரம்ஸுக்கு ஏன் இவ்வளவு செப்பனிடுதல் தேவைப்படுகிறது? இழுத்துக் கட்டிய வட்டத் தோலின் மேற்சுரங்கள் வீணைத் தந்தியின் மேற்சுரங்களைப்போல 2, 3, 4 மடங்காக அமைவதில்லை. 1.59, 2.14, 2.30 எனக் கணக்குக்கு அடங்காத மடங்குகளாக அமைகின்றன. ஆகவே ஸ்நேர், டாம் போன்றவற்றில் சுருதியோடு ஒட்டாத ஒரு 'ங்ங்' ஓசை மிஞ்சிநிற்கும். (சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய குறிப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. மிருதங்கம், தபலா ஆகியவற்றின் தோலில் ஏற்றப்படும் கருஞ்சாந்து மேற்சுரங்களை முறையான மடங்குகளுக்குக் கொண்டுவந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. நம் கைவினைஞர்கள் ஈக்வலைசரைத் தோலின் மேலேயே பூசிவிட்டார்கள்.) மேலைநாட்டு டிரம்ஸில் அந்த வேலை முழுவதும் மின்சுற்றின் தலையில் விழுந்தது.

1966-க்கு முன் அந்தச் சுமையும் பெரிதாக இல்லை. மைக் தொலைவில் நின்றது. டிரம்ஸ் பின்னணியில் கேட்டது. லண்டன் ஏபி ரோட்டில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் கூடத்தில் பாஸ் டிரம்முக்கு ஏறக்குறைய இரண்டடிக்கு உள்ளே மைக்கைக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. காற்றழுத்தம் மைக்கைப் பழுதாக்கிவிடும் என்ற அச்சம். 1966 ஏப்ரல் 6 அன்று பீட்டில்ஸ் குழுவுக்கு முதன்முறையாகப் பொறுப்பு ஒலிப்பதிவாளராக அமர்ந்த ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலுக்காக அவர் மைக்கை டிரம்முக்கு மிக அருகில் நகர்த்தினார். அதிர்வு நெடிது ஓடாமலிருக்க டிரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்தார். அக்குழுவின் விளம்பரத்துக்காக நெய்யப்பட்ட, நான்கு கழுத்துகள் கொண்ட சட்டை அது. பின்னர் அந்த ஒலியை ஃபேர்சைல்ட் 660 என்ற வால்வு லிமிட்டரின் வழியே நசுக்கிப் பிழிந்தார். நிர்வாகம் கண்டித்தது, பின்பு பீட்டில்ஸ் பதிவுகளுக்கு மட்டும் விதிவிலக்கு என்று எழுத்தில் அனுமதி தந்தது. பெரிய நிறுவனங்கள் புதுமையை ஏற்கும் முறை எங்கும் இதுதான் போலும்.

அந்த நாளில் எமெரிக்கின் முன்னிருந்த ரெட் வகை மேசையின் ஈக்வலைசர் எத்தனை எளியது என்பதைக் கவனிக்க வேண்டும். உயர் ஒலிக்கு ஒன்று, தாழ் ஒலிக்கு ஒன்று, அவ்வளவே. 'பாப்', 'கிளாசிக்' என்ற இரு வகைப் பெட்டிகளில் வேலைக்கேற்ப ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். கூர்மையாக எதையும் செதுக்கியெடுக்க அதில் வழியில்லை. கம்பளிச் சட்டையும் மைக்கின் இடமுமே அன்றைய உண்மையான ஈக்வலைசர்கள். இன்று அந்த மேசையை ப்ளக்-இன்னாக வாங்குபவர் பெறுவது அந்த இரண்டு குமிழ்களை. சட்டை அதில் வராது.

1968-இன் இறுதியில் அதே கூடத்துக்கு டி.ஜி.12345 என்ற டிரான்சிஸ்டர் மேசை வந்தது. ஒவ்வொரு சேனலிலும் ஈக்வலைசரோடு ஒரு கம்ப்ரெஸரும் அடங்கியிருந்தது. சேனல் ஸ்ட்ரிப் என்று இன்று நாம் சொல்வதன் முழு வடிவத்தை இங்கேதான் தொடக்கமாகக் காண்கிறேன். 1969-இன் 'ஏபி ரோட்' இசைத்தட்டை இதில் பதிவு செய்தார்கள். ரிங்கோ ஸ்டார் அப்போது கன்றுத்தோல் இழுத்த புதிய டிரம்ஸை வாசித்தார். டாம்களின் உருண்ட, மென்மையான ஒலியை அத்தட்டில் கேட்கலாம். எமெரிக்குக்குப் புதிய மேசை முழு நிறைவைத் தரவில்லை. பழைய வால்வு மேசையின் குத்து இதில் இல்லை என்று அவர் குறைபட்டார். இன்று அந்தக் குறையையே ஒரு சிறப்பு என்று சொல்லி விற்கிறார்கள்.

1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் இரண்டு வழிகள் பிரிகின்றன. ரூபர்ட் நீவ் லண்டனின் வெசெக்ஸ் கூடத்துக்காக வடிவமைத்த மேசையில் 1073 என்ற அலகு இடம்பெற்றது. உயர் ஒலி 12 கிலோஹெர்ட்ஸில் நிலையாக நிற்கும். இடை ஒலிக்கு 360, 700 ஹெர்ட்ஸ், 1.6, 3.2, 4.8, 7.2 கிலோஹெர்ட்ஸ் என ஆறே படிகள். தாழ் ஒலிக்கு 35, 60, 110, 220 ஹெர்ட்ஸ் என நான்கு. இவற்றுக்கிடையே நிற்க முடியாது. 500 ஹெர்ட்ஸைத் தொடவே வழியில்லை. இந்த எண்களை யாப்பின் தளைகளைப்போல நான் பார்க்கிறேன். வெண்பாவுக்குள் நின்று எழுதுபவனுக்குச் சில சொற்கள் வரவே வரா. வந்த சொற்கள் ஒன்றோடொன்று ஒலியில் இயைந்து நிற்கும். 110 ஹெர்ட்ஸில் டாமின் உடலையும் 3.2 அல்லது 4.8-இல் ஸ்நேரின் குச்சி விழும் ஓசையையும் உயர்த்தினால் அளவு மிகையானாலும் காது எளிதில் வெறுப்பதில்லை. மின்மாற்றிகளும் கிளாஸ்-ஏ பெருக்கிகளும் சேர்க்கும் மெல்லிய திரிபு அதற்கு ஒரு காரணம். படிகளைத் தேர்ந்தவரின் காது இன்னொரு காரணம்.

மற்ற வழி ஈக்வலைசரையே பொருட்படுத்தாதது. ஹாம்ப்ஷயரில் ஏழைகள் விடுதியாக 18-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஹெட்லி கிரேஞ்ச் என்ற வீட்டில், லெட் ஸெப்பலின் குழுவின் ஜான் போனம் மாடிப்படிக் கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்து வாசித்தார். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு பையர் எம்160 மைக்குகளை மேலே படிக்கட்டில் நிறுத்தினார். பாஸ் டிரம்முக்குத் தனி மைக் இல்லை. வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிக்கூடத்தில் ஹீலியோஸ் மேசை. அதன் கம்ப்ரெஸரும் பின்சன் எதிரொலிக் கருவியும் மீதியைச் செய்தன. 1971 நவம்பரில் வெளியான 'வென் த லெவீ பிரேக்ஸ்' அப்படி உருவானது. போனத்தின் பாதமும் மூன்று மாடி உயரக் காற்றும் சேர்ந்த ஒலி அது. ஹீலியோஸ் ப்ளக்-இன்னை வாங்கிப் பத்துக்குப் பத்து அறையில் பதிந்த டிரம்ஸின் மேல் போட்டுவிட்டு ஏமாறுபவர்களை நான் கண்டிருக்கிறேன். கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அமெரிக்க வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சால் வாக்கர் வடிவமைத்த ஏ.பி.ஐ. 550ஏ, குறைவாக உயர்த்தினால் அகன்ற வளைவையும் மிகுதியாக உயர்த்தினால் கூர்மையான வளைவையும் தானே அமைத்துக்கொள்ளும். ஸ்நேருக்கு அது பொருந்துவதில் வியப்பில்லை. 1972-இல் ஜார்ஜ் மாஸன்பர்க் ஒலிப் பொறியாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரை, அதிர்வெண், அளவு, அகலம் மூன்றையும் தனித்தனியே நினைத்தபடி மாற்றும் பாராமெட்ரிக் முறைக்குப் பெயரும் வடிவும் தந்தது. தளைகள் அறுந்தன. இன்றைய கணினித் திரையில் வளைகோடாகத் தெரியும் ஈக்வலைசர்கள் எல்லாம் இந்த மரபில் வந்தவை.

பழுப்புக் குமிழுக்கு வருவோம். காலின் சாண்டர்ஸ் தொடங்கிய எஸ்.எஸ்.எல். நிறுவனம் 1970-களின் பிற்பகுதியில் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் 4000 வரிசை மேசைகளைக் கட்டியது. லண்டனின் டவுன்ஹவுஸ் கூடத்தில், கற்சுவர் அறை ஒன்றையொட்டி அதன் 'பி' மாதிரி இருந்தது. 1979-இல் பீட்டர் கேப்ரியல் தம் மூன்றாவது இசைத்தட்டுக்காக அங்கே வந்தார். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பதிவாளர் ஹ்யூ பாட்ஜம், டிரம்ஸ் வாசித்தவர் ஃபில் காலின்ஸ். தட்டு முழுவதும் சிம்பலே கூடாது என்று கேப்ரியல் கட்டளையிட்டிருந்தார்.

அந்த மேசையில் ஓர் எளிய வசதி இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் இசைக்கலைஞர்கள் பேசுவதைக் கேட்பதற்காக அறையின் மேலே ஒரு மைக் தொங்கும். ஒருவர் மைக்கின் அருகே நின்றாலும் மூலையில் நின்றாலும் பேச்சு ஒரே அளவில் கேட்க வேண்டும் என்பதற்காக அதன் பாதையில் மிகக் கடுமையான கம்ப்ரெஸர் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது பாட்ஜம் அந்தப் பொத்தானை அழுத்தினார். கற்சுவரில் மோதித் திரும்பிய டிரம்ஸ் ஒலி, நசுங்கிப் பெருத்து, அறையை நிறைத்தது. ஆனால் அந்த மைக் காதுக்குக் கேட்கவே வைக்கப்பட்டது. அதைப் பதிவு செய்ய மேசையில் வழியே இல்லை. இரவோடு இரவாகப் பொறியாளர்களைக் கொண்டு கம்பியை மாற்றிப் பதிவுக்கு வழிசெய்தார்கள். பின்னர் சேனலிலேயே இருந்த நாய்ஸ் கேட் என்ற வாயிலையும் பாட்ஜம் இணைத்தார். ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் அது சட்டென்று மூடிக்கொள்ளும். பெரிய அறையின் எதிர்முழக்கம் எழுகிறது. தேய்வதற்குள் கத்தி விழுந்ததுபோல் மௌனம். இயற்கையில் எந்த அறையிலும் கேட்க முடியாத ஒலி அது. 1980-இல் வெளியான அத்தட்டின் முதற்பாடலான 'இன்ட்ரூடர்' அந்த ஒலியோடுதான் தொடங்குகிறது. 1981 ஜனவரியில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' அதை உலகெங்கும் கொண்டுசென்றது.

இங்கே ஒரு முடிச்சைக் கவனிக்கலாம். கம்ப்ரெஸரும் கேட்டும் ஒவ்வொரு சேனலிலும் இருந்ததால்தான் அத்தகைய சோதனை ஒரு விரல் அசைவில் நடந்தது. முன்பெல்லாம் தனிக் கருவியைத் தேடி எடுத்து இணைக்க வேண்டும். சோம்பலே பல சோதனைகளைக் கொன்றிருக்கும். 1979-இல் வந்த 4000 இ மாதிரி இந்த வசதியை உலகக் கூடங்களின் பொதுச் சொத்தாக்கியது. அதன் தாழொலிக் குமிழின் மூடி பழுப்பு நிறம். 1983-இல் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் கூடத்துக்காகத் திருத்திய சுற்றில் அது கறுப்பாயிற்று. எனவே 'பழுப்பா, கறுப்பா' என்று இன்றைய ப்ளக்-இன்களில் ஒரு பொத்தான் இருக்கிறது. நிறத்தைக் கேட்கவில்லை அந்தப் பொத்தான், ஆண்டைக் கேட்கிறது.

இரு மரபுகளும் ஒரே டிரம்ஸில் சேர்ந்த இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 1991-இல் நிர்வாணா குழு 'நெவர்மைண்ட்' தட்டை லாஸ் ஏஞ்சலஸின் சவுண்ட் சிட்டி கூடத்தில் நீவ் 8028 மேசையில் பதிவு செய்தது. ஆண்டி வாலஸ் அதை வேறு கூடத்தில் எஸ்.எஸ்.எல். மேசையில் கலவை செய்தார். டேவ் க்ரோலின் டிரம்ஸ் நீவில் பருமன் பெற்று எஸ்.எஸ்.எல்-இல் விளிம்பு பெற்றது என்று சொல்வது மிகை எளிமைதான். ஆயினும் ஒரு தலைமுறையே 'இயல்பான டிரம்ஸ் ஒலி' என்று நம்புவது இந்தச் சேர்க்கையையே. அது இயல்பானது அன்று. இருபத்தைந்து ஆண்டுகளில் சில கூடங்கள், சில பெட்டிகள், சில விதிமீறல்கள் சேர்ந்து உருவாக்கிய ஒரு நடை. எவரும் நேரடியாக ஒரு டிரம்ஸின் முன் நின்றால் இதைக் கேட்கப்போவதில்லை.

கணினிக்குள் ஈக்வலைசர் முதலில் வந்தபோது பழமையின் சாயலே இல்லை. 1992-இல் வேவ்ஸ் நிறுவனத்தின் க்யூ10 வெறும் வளைகோடும் எண்களும்தான். 1996-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற பொதுமுறையைத் தந்தபின் யார் வேண்டுமானாலும் ப்ளக்-இன் எழுதலாம் என்றாயிற்று. அதன்பின்தான் திருகாணிகள் வரையப்பட்டன. 2006-இல் வேவ்ஸ் எஸ்.எஸ்.எல்-இடம் உரிமம் பெற்று 4000 தொகுப்பை வெளியிட்டது. பிறகு ரெட், டி.ஜி. மேசைகளும் வந்தன. எல்லையற்ற சுதந்திரம் கைக்கு வந்ததும் மனிதர்கள் பழைய தளைகளைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கற்சுவர் அறையும் எழுபது சேனல் மேசையும் வாய்க்காத ஒருவனுக்கு அவற்றின் ஒரு துளியாவது கிடைக்கிறது. டவுன்ஹவுஸ் கூடம் 2008-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே போக இனி யாருக்கும் வழியில்லை.

ஆனால் வாங்குவது எதை என்பது தெரிந்திருக்க வேண்டும். பாவனை ப்ளக்-இன் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு கருவியை அளந்து எடுத்த படி. நாற்பதாண்டுப் பழமையான இரண்டு 1073-கள் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. உறுப்புகள் மூத்திருக்கும், சில மாற்றப்பட்டிருக்கும். ஒரே நூலுக்குப் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த உ.வே.சா.வின் மரபில் வந்தவர்களுக்கு இது புதிதல்ல. கையில் இருப்பது ஓர் ஏடு, மூலம் அன்று. பிரெய்ன்வொர்க்ஸ் நிறுவனம் தன் மேசைப் பாவனைகளில் 72 சேனல்களையும் சற்றே வேறுபட அமைத்துத் தந்தபோது, ஏதோ ஒரு பதிப்பாசிரியர் அங்கே வேலை செய்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

இனித் தேர்வு. ஈக்வலைசரைத் தொடுமுன் மைக்குகளுக்கிடையேயான தூரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் தூரம் ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் தாமதம். ஸ்நேரின் ஓசை அதன் மைக்குக்கும் மேலே தொங்கும் மைக்குக்கும் வெவ்வேறு கணத்தில் சேர்கிறது. இரண்டையும் கூட்டும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். இந்த இழப்பை எந்த நீவும் மீட்டுத் தராது. பிறகு, கிக்குக்கு ஒரு நிறுவனம், ஸ்நேருக்கு இன்னொன்று, டாமுக்கு மூன்றாவது என்று பொறுக்காமல், முழு டிரம்ஸுக்கும் ஒரே சேனல் ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொள்வது என் பரிந்துரை. நாம் போற்றும் தட்டுகளில் டிரம்ஸின் எல்லா மைக்குகளும் பெரும்பாலும் ஒரே மேசையின் வழியேதான் சென்றன. அந்த ஒற்றுமையே பாதி ஒலி. கூர்மையும் கேட்டும் வேண்டிய விரைவான பாடலுக்கு எஸ்.எஸ்.எல்.; தடித்து நிற்க வேண்டிய மெதுவான பாடலுக்கு நீவ். 'ங்ங்' என்று எஞ்சும் ஒற்றை அதிர்வெண்ணை வெட்டியெறிய மட்டும் முகமற்ற பாராமெட்ரிக் போதும். அதற்கு வரலாறு தேவையில்லை. கட்டம் மாறாத ஈக்வலைசர் என்று தனிச் சிறப்போடு விற்கப்படும் வகையை ஸ்நேரில் தவிர்க்கலாம். கூர்மையாக வெட்டும்போது அது அடிக்கு முன்னாலேயே ஒரு மெல்லிய அதிர்வை எழுப்பும். அடியின் முனை மழுங்கிவிடும். பல்டெக் பாவனையைக் கிக்கில் போட்டு 60-இல் இரு குமிழ்களையும் திருப்பிப் பாருங்கள். அளவைச் சமமாக்கிய பின்னரே முன்னதையும் பின்னதையும் ஒப்பிட வேண்டும். உரத்துக் கேட்பதெல்லாம் நன்றாகவே கேட்கும்.

டவுன்ஹவுஸில் பேச்சைக் கேட்பதற்காக இருந்த அந்தக் கம்ப்ரெஸரையும் எஸ்.எஸ்.எல். பின்னாளில் எல்.எம்.சி-1 என்ற பெயரில் ப்ளக்-இன்னாக்கி விலையின்றி வெளியிட்டது. அதை அறையின் தூர மைக் பதிவில் போட்டுத் தாராளமாகத் திருகுங்கள். பாஸ் டிரம்மும் ஸ்நேரும் பேருருக் கொள்ளும். அவற்றோடு சிம்பலும் பொங்கி எழுந்து எல்லாவற்றையும் மூடும். கேப்ரியல் சிம்பல்களை ஏன் எடுத்துப் போகச் சொன்னார் என்பது அப்போது காதுக்கே தெரியும்.